குளிர்கால விழாவுக்கு நாய்வண்டியில் சுடரைக் கொண்டுவர முடியுமா?

கேட்டவர் வடக்கு ஒன்டாரியோவில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார். பிப்ரவரியில் நடக்கும் குளிர்கால விளையாட்டு விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் அவரும் ஒருவர். தொடக்க நிகழ்ச்சிக்குச் சுடரை நாய்கள் இழுக்கும் ஸ்லெட்டில் கொண்டுவரலாம் என்று குழுவில் யாரோ சொல்ல, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காற்றிலும் பனியிலும் தீ அணையாதா, நாய்கள் நெருப்பைக் கண்டு மிரளாதா, எவ்வளவு தூரம் வைக்கலாம், ஒலிம்பிக்கில் எப்படிச் செய்தார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

முடியும். செய்தும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் குழு கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தீயைக் காப்பாற்றுவது சுலபம், அதற்குப் பொறியாளர்கள் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். நாய்களை ஒரு விழாவுக்குள் நுழைப்பதுதான் கடினம். கனடாவின் வடமேற்கே இருக்கும் யூகானில் சில குளிர்காலங்கள் ஒரு நாய்ப் பட்டியில் உதவியாளாக இருந்திருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தீப்பந்தத்தை ஏந்திக்கொண்டு போக வேண்டாம். மூடிய விளக்கில் சுடர் ஸ்லெட்டில் வரட்டும். பந்தத்தைப் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்றுங்கள். ஏன் என்பது கீழே.

முதலில் ஒலிம்பிக் கதை. குளிர்கால ஒலிம்பிக்கில் முதல் சுடர் ஓட்டம் 1952இல் ஒஸ்லோவுக்கு நடந்தது. நெருப்பு கிரேக்கத்திலிருந்து வரவில்லை. நவீனப் பனிச்சறுக்கின் முன்னோடி என்று நார்வேக்காரர்கள் கொண்டாடும் சோன்ட்ரே நூர்ஹைம் பிறந்த மோர்கெடால் கிராமத்து வீட்டு அடுப்பில் ஏற்றி, பனிச்சறுக்கு வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றி ஒஸ்லோ வரை கொண்டுவந்தார்கள். அரங்கில் தீக்கொப்பரையை ஏற்றியவர், துருவப் பயணி ஃபிரித்யோஃப் நான்சனின் பேரன் ஐகில் நான்சன்.

நாய்வண்டி என்று வரும்போது நீங்கள் பார்க்க வேண்டியது கனடாவின் இரண்டு ஓட்டங்கள். 1988 கால்கரி ஒலிம்பிக்குக்காக 1987 நவம்பர் 17 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் சுடர் கிளம்பியது. 88 நாள், சுமார் 18,000 கிலோமீட்டர். ஓட்டக்காரர்களோடு விமானம், படகு, ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டி, நாய்வண்டி எல்லாம் அதில் உண்டு. வடக்கே இனுவிக் வரை போனது. அடுத்தது 2010 வான்கூவர். 2009 அக்டோபர் 30இல் விக்டோரியாவில் தொடங்கி 106 நாள், ஏறத்தாழ 45,000 கிலோமீட்டர், சுமார் 12,000 பேர் ஏந்தினார்கள். வட துருவத்திலிருந்து 800 கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கும் அலெர்ட் ராணுவ நிலையத்துக்கும் சுடர் போனது. அந்த ஓட்டத்தில் பயன்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வாகன வகைகளில் நாய்வண்டியும் ஒன்று.

இந்த எண்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒலிம்பிக் சுடர் நெடுந்தூரத்தைக் கடப்பது பந்தத்தில் இல்லை. சுரங்கத் தொழிலாளர் விளக்கு மாதிரியான மூடிய விளக்குகளில்தான் அது பயணம் செய்யும். ஒன்றுக்கு இரண்டு மூன்று விளக்குகள் எப்போதும் கூடவே வரும். பந்தம் எரிவது சுமார் பத்து பதினைந்து நிமிடம்தான். அது அணைந்தால் பாதுகாவலர் விளக்கிலிருந்து மறுபடி ஏற்றிக் கொடுப்பார். அப்படிச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013 அக்டோபரில் மாஸ்கோ கிரெம்ளினில் நடந்தது சாட்சி. சோச்சி ஒலிம்பிக் சுடர், பழைய நீச்சல் சாம்பியன் ஷவர்ஷ் கராபெத்யான் கையில் இருக்கும்போது அணைந்தது. பக்கத்தில் நின்ற பாதுகாப்பு ஆள் சிகரெட் லைட்டரால் பற்றவைத்தார். ஏவுகணை செய்யும் தொழிற்சாலையில் செய்த பந்தம் அது. உங்கள் ஊர் வெல்டிங் கடையில் செய்யும் பந்தம் அணைந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இனி தீ விஷயம். இங்கே பிரச்சினை மூன்று: எரிபொருள், காற்று, கண்ணுக்குத் தெரிவது. பனித் தூவல் பெரிய தொல்லையே இல்லை. தூவும் பனியில் இருக்கும் தண்ணீர் சொற்பம், நல்ல தீ அதைக் கண்டுகொள்ளாது.

எரிபொருளில்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவார்கள். கடையில் கிடைக்கும் சின்ன கேஸ் குப்பிகளில் பல பியூட்டேன் நிரப்பியவை. பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில். அதற்குக் கீழே போனால் அது குப்பிக்குள் திரவமாகவே கிடக்கும், வெளியே வராது. ஐசோபியூட்டேனுக்கு எல்லை சுமார் மைனஸ் 12. புரொப்பேனுக்கு மைனஸ் 42. லடாக்கில் குளிர்காலத்தில் சமையல் சிலிண்டர் மக்கர் செய்வதும் இதே காரணத்தால்தான், அதில் இருப்பது பியூட்டேன், புரொப்பேன் இரண்டின் கலவை. ஆகவே உங்களுக்குப் புரொப்பேன். அதுவும் மைனஸ் 30இல் அழுத்தம் குறைந்து மெலிதாகத்தான் வரும். எரிய எரிய ஆவியாதலால் குப்பி இன்னும் குளிரும். ஏற்றுவதற்கு முந்தின நிமிடம் வரை குப்பியைக் கோட்டுக்குள் உடம்போடு வைத்திருங்கள். கால்கரிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள்: பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆல்கஹால் மூன்றையும் கலந்து ஊற்றினார்கள், எந்தக் குளிரிலும் ஏதாவது ஒன்று பற்றிக்கொள்ளும் என்று. தயவுசெய்து அதை வீட்டில் கலந்து பார்க்காதீர்கள். மெழுகுப் பந்தம் மலிவு, குளிரைப் பற்றிக் கவலைப்படாது, ஆனால் சொட்டும். ஸ்லெட்டின் மூக்கிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டர் முன்னால் ஒரு ஜோடி நாய்களின் முதுகு இருக்கிறது. சொட்டும் பந்தத்துக்கு அங்கே இடம் கிடையாது.

காற்றைச் சமாளிக்க நல்ல உபாயம் ஒன்று 2000 சிட்னி ஒலிம்பிக் பந்தத்தில் வந்தது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் அதன் எரியும் பகுதியை வடிவமைத்தார்கள். உள்ளே மறைவாக ஒரு சின்ன, சூடான நீலத் தீ. வெளியே படபடக்கும் பெரிய மஞ்சள் தீ. காற்று வெளித் தீயைப் பிய்த்தெறிந்தாலும் உள்ளே இருப்பது அதை உடனே மறுபடி பற்றவைத்துவிடும். எதற்கு இரண்டு, நீலத் தீ ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. நன்றாக எரியும் கேஸ் தீ வெள்ளைப் பனிக்கு முன்னால் பகலில் கண்ணுக்கே தெரியாது. கூட்டம் பார்ப்பது புகைக்கரி கலந்த மஞ்சளைத்தான். மாலையில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் நிகழ்ச்சியை வைத்தால் பாதிப் பிரச்சினை காசு செலவில்லாமல் தீரும்.

பந்தத்தை ஸ்லெட்டில் யார், எப்படிப் பிடிப்பது? இதைக் கூட்டத்தில் உட்கார்ந்து யோசித்தால் புலப்படாது. ஓட்டுநர், அங்கே மஷர் என்பார்கள், ஸ்லெட்டின் பின்னால் இரண்டு சறுக்குப் பட்டைகளின் நுனியில் நிற்பார். சுடர் ஏந்துபவர் முன்னால் கூடை போன்ற பகுதியில் உட்காருவார். ஸ்லெட் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓடினால், தீ பின்பக்கமாகப் படுத்துக்கொண்டு நேராக மஷரின் முகத்துக்கு வரும். அவருடைய தொப்பியின் விளிம்பில் இருப்பது உண்மையான விலங்கு ரோமம். பந்தத்தைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும், அதுவும் காற்று அடிக்காத பக்கமாக. ஒன்றரை கிலோவுக்கு மேல் கனமான ஒன்றைக் கை நீட்டி ஐந்தாறு நிமிடம் பிடிப்பது வீட்டுக்குள்ளேயே சிரமம். வெளியே மைனஸ் 30, காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஸ்லெட் போகும் வேகத்தில் தோலுக்கு அது மைனஸ் 43 மாதிரி. அந்தக் குளிரில் மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறைந்துவிடலாம் என்பது கனடா வானிலைத் துறையின் எச்சரிக்கை. தூக்கிய கையில் ரத்த ஓட்டமும் குறையும். கால்கரி பந்தத்தின் கைப்பிடியை மேப்பிள் மரத்தில் செய்தது தேசிய அடையாளத்துக்காக என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் புத்திசாலித்தனமும் இருந்தது என்று தோன்றுகிறது. அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும். உடை விஷயத்தில் ஒன்று: நைலான் ஜாக்கெட்டில் ஒரு பொறி பட்டால் ஓட்டை. மேலே கம்பளி அல்லது தோல் ஆடை, கையில் தோல் உறை. ஸ்லெட் பை, நாய்களைப் பிணைக்கும் கயிறுகள் எல்லாமே உருகும் பிளாஸ்டிக் இழை என்பதையும் மறக்க வேண்டாம்.

நாய்களுக்கு வருவோம். மிரளுமா என்று கேட்டீர்கள். தீயைக் கண்டு மிரளாது. வண்டி இழுக்கும் நாய்கள் முகாமில் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துப் பழகியவை. நெடும்பயணத்தில் மஷர்கள் ஆல்கஹால் அடுப்பில் பனியை உருக்கித்தான் நாய்களுக்குக் கஞ்சி மாதிரி ஊற்றுவார்கள். தவிர, தீ அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. கேஸ் பந்தத்தின் சீறல் சத்தம் சில நாய்களுக்குப் பிடிக்காமல் போகலாம், முந்தின வாரமே பட்டிக்குக் கொண்டுபோய் ஏற்றிக் காட்டினால் சரியாகிவிடும். அவை மிரளுவது ஒலிபெருக்கிக்கு, காகிதத் துண்டு பீய்ச்சும் துப்பாக்கிக்கு, தலைக்கு மேல் பறக்கும் டிரோனுக்கு, வாணவேடிக்கைக்கு. இவை எல்லாமே உங்கள் நிகழ்ச்சி நிரலில் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. இந்த நாய்களுக்குக் காத்திருக்கத் தெரியாது. சேணப்பட்டை மாட்டிக் கயிற்றில் கோத்த நிமிடத்திலிருந்து ஊளை, குரைப்பு, துள்ளல். நான்கு காலும் தரையில் படாமல் எம்பி எம்பிப் பட்டையை இழுக்கும். மரத்திலோ வண்டியிலோ கட்டிய கயிறுதான் ஸ்லெட்டைப் பிடித்து வைத்திருக்கும். மஷர் அந்தக் கயிற்றை உருவியதும் சத்தம் பட்டென்று நின்று, ஓட்டம் மட்டும் இருக்கும். இப்போது உங்கள் நகரத் தலைவர் அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்து நாலு நிமிடம் பேசுவதை நினைத்துப் பாருங்கள். பேச்சு ஒருவருக்கும் கேட்காது, நாய்கள் களைத்துப்போகும், நாய்களைப் பிடித்து நிற்கும் ஆட்களின் தோள் கழன்றுவிடும். உரை எல்லாம் முடிந்து, சுடர் ஸ்லெட்டில் ஏறி, ஆள் உட்கார்ந்து, கடைசியாகத்தான் நாய்களைக் கோக்க வேண்டும். கோத்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கிளம்பிவிட வேண்டும்.

நிறுத்துவது அடுத்தது. ஸ்லெட்டுக்கு பிரேக் என்பது பனியைக் கீறும் ஒரு கம்பியும், காலால் அழுத்தும் ஒரு ரப்பர் விரிப்பும்தான். நின்ற பின் பிடித்து வைப்பது பனியில் குத்தி இறக்கும் ஒரு கொக்கி. கெட்டியான ஆழப் பனியில் அது நங்கூரம். தார்ச் சாலையின் மேல் இரண்டு அங்குலம் பனி கொட்டிய தெருவில் அது வெறும் இரும்பு, குத்தவே குத்தாது. விழாக்கள் நடப்பது தெருவில்தானே! இதற்கு விடை அலாஸ்காவில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் இடிட்டரோட் நாய்வண்டிப் பந்தயத்துக்கு அன்கரேஜ் நகரத் தெருவில் ஒரு சடங்குத் தொடக்கம் உண்டு. நேரத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஊர் பார்ப்பதற்காக மட்டும் சுமார் 11 மைல் ஓட்டம். லாரிகளில் பனி கொண்டுவந்து நான்காம் அவென்யூவில் கொட்டுவார்கள். ஸ்லெட் கூடையில் ஏலத்தில் இடம்பிடித்த ஒரு விருந்தாளி உட்கார்ந்திருப்பார். பின்னால் இன்னொரு சின்ன ஸ்லெட்டைக் கட்டி, அதில் இரண்டாவது ஆள் நின்று கூடுதல் பிரேக்காக இருப்பார். தெரு, கூட்டம், கூடையில் பழக்கமில்லாத ஆள், எல்லாம் உங்கள் நிலைமைதான். ஒலிம்பிக் படங்களைப் பார்ப்பதைவிட இந்தத் தொடக்கத்தின் காணொளிகளைப் பாருங்கள், பத்து மடங்கு உபயோகம்.

எத்தனை நாய்? படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாய்கள் அழகாக இருக்கும். வேண்டாம். நாலு, மிஞ்சிப்போனால் ஆறு. களைக்காத ஆறு நாய்கள் இரண்டு பெரிய ஆட்களை ஏற்றிய ஸ்லெட்டை மணிக்கு 20, 25 கிலோமீட்டரில் சர்வசாதாரணமாக இழுத்துக்கொண்டு போகும். முன்னால் ஓடும் தலைமை நாய் 'ஜீ' என்றால் வலப்புறம், 'ஹா' என்றால் இடப்புறம் திரும்பும். கடிவாளம் ஒன்றும் கிடையாது, மஷரின் குரல்தான் எல்லாம். கூட்டத்தின் கைதட்டலில் அந்தக் குரல் அதற்குக் கேட்காமல் போகும் என்பதால் பாதை தானாகவே வழிகாட்ட வேண்டும்: இருபுறமும் வேலி, நடுவில் ஓட்டிப் பழகிய தடம், திருப்பங்கள் இல்லாமல். பார்வையாளர்கள் வீட்டு நாய்களைக் கூட்டிவரக் கூடாது, இதில் கருணையே காட்டாதீர்கள். தூரம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போதும். ஐந்தாறு நிமிட ஓட்டம். கூட்டம் இருக்கும் பகுதி கடைசி 300 மீட்டராக இருந்தால் நல்லது, ஆரம்பத் துடிப்பு அதற்குள் அடங்கியிருக்கும்.

இந்த எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் விளக்கு என்றேன். மூடிய விளக்கு ஸ்லெட் கூடையில், ஏந்துபவரின் முழங்கால்களுக்கு நடுவே, மரச் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டி வரட்டும். ஏந்துபவரின் இரண்டு கைகளும் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும். மஷரின் முகத்தில் தீ படாது. மேடையருகே ஸ்லெட் நின்று, நாய்களை ஆட்கள் பிடித்த பிறகு அவர் இறங்கி நடந்து, பத்து மீட்டர் தள்ளி விளக்கிலிருந்து பந்தத்தை ஏற்றுவார். படம் எடுப்பவர்கள் அங்கே நிற்கட்டும். குழுவில் யாராவது, 'இது சப்பென்று இருக்கிறதே, எரியும் பந்தத்தோடு வந்தால்தானே கெத்து' என்பார்கள். அவர்களுக்கு இரண்டு கதைகள் சொல்லுங்கள்.

ஒன்று, 1925இன் மருந்து ஓட்டம். அலாஸ்காவின் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து ரயிலில் நெனானா வரை வந்தது. அதற்கு மேல் சாலை இல்லை, அந்தக் குளிரில் விமானமும் பறக்க முடியவில்லை. இருபது மஷர்கள் அஞ்சலோட்டமாக 674 மைலை ஐந்தரை நாளில் கடந்து கொண்டுசேர்த்தார்கள். மருந்து உறையாமல் இருக்க ரோமத்திலும் துணியிலும் சுற்றி, வழியில் சாவடிகளில் அடுப்பருகே வைத்துச் சூடேற்றிக்கொண்டு போனார்கள். மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓடியவர் லியோன்ஹார்ட் செப்பாலா, தலைமை நாய் டோகோ. கடைசிப் பகுதியை ஓடிய குன்னார் காசன், அவருடைய நாய் பால்டோ பெயர்தான் உலகத்துக்குத் தெரிந்தது. காசனின் ஸ்லெட்டைக் காற்று ஒரு இடத்தில் கவிழ்த்துவிட்டது. மருந்துப் பெட்டி பனியில் விழ, இருட்டில் வெறுங்கையால் துழாவித் தேடி எடுத்தார். சுடர் ஓட்டத்தின் அசல் வடிவம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். கையிலிருந்து கைக்கு ஒரு பொருள் போகிறது, அது கெட்டுவிடக் கூடாது. அப்புறம் இதிலிருந்து உங்களுக்கு ஒரு நேரடிப் பாடமும் உண்டு: கைதேர்ந்தவர் ஓட்டினாலும் ஸ்லெட் கவிழும். எரியும் பந்தத்தோடு கவிழ்ந்தால்? விளக்கு என்றால் அணைந்துபோகும், அவ்வளவுதான். அதே சுடரிலிருந்து ஏற்றிய இரண்டாவது விளக்கு பின்னால் வரும் ஸ்னோமொபைலில் இருக்கட்டும்.

இன்னொன்று, இடிட்டரோட் பந்தயத்தின் முடிவில் நோம் நகரத்தில் எரியும் விளக்கு. சரக்கும் தபாலும் நாய்வண்டியில் போன காலத்தில், ஒரு மஷர் வழியில் இருக்கிறார் என்று தெரிந்தால் சாவடிக்காரர்கள் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிடுவார்கள். அவர் பத்திரமாக வந்து சேரும்வரை அதை அணைக்க மாட்டார்கள். விதவை விளக்கு என்று அதற்குப் பெயர். இப்போதும் பந்தயம் தொடங்கும்போது முடிவுக் கோட்டு வளைவில் ஒரு விளக்கை ஏற்றுகிறார்கள். முதலில் வந்தவருக்கு ஆயிரம் ஆரவாரம் நடந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சில நாள் கழித்துக் கடைசியாக வரும் மஷர்தான் அதை அணைப்பார், அவருக்குச் சிவப்பு விளக்கு ஒன்றைப் பரிசாகவும் தருவார்கள். என்னைக் கேட்டால் எந்த ஒலிம்பிக் கொப்பரையையும்விட இது பெரிய விஷயம். உங்கள் விழாவில் நாய்வண்டிப் போட்டியும் இருந்தால் இதையே சேர்த்துக்கொள்ளலாம்: ஸ்லெட்டில் வந்த சுடரிலிருந்து ஒரு விளக்கை ஏற்றி முடிவுக் கோட்டில் மாட்டிவிடுங்கள், கடைசி வண்டி வரும்வரை இருக்கட்டும்.

யாரிடம் நாய்வண்டி கேட்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வடக்கு கனடாவில் நாய்வண்டிக்குப் பின்னால் ஒரு ரணம் இருக்கிறது. 1950களின் நடுவிலிருந்து 60களின் கடைசி வரை கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கில் போலீசாரும் அதிகாரிகளும் அங்கத்திய பழங்குடிகளான இனுயிட் மக்களின் ஸ்லெட் நாய்களை ஆயிரத்துக்கும் மேல் கொன்றார்கள். நாய் போனால் வேட்டை போயிற்று, வேட்டை போனால் சாப்பாடும் நடமாட்டமும் போயிற்று. மக்கள் குடியிருப்புகளில் முடங்கினார்கள். 2024 நவம்பரில்தான் கனடா அரசு காங்கிக்சுயுவாக் கிராமத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டு, 4.5 கோடி டாலர் இழப்பீடு அறிவித்தது. அரசின் சார்பில் மன்னிப்பை வாசித்த அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கெரி ஆனந்தசங்கரி. உங்கள் பக்கம் இனுயிட் பகுதி இல்லை, ஓஜிப்வே, கிரீ மக்கள் வாழும் இடம். ஆனாலும் அந்த மக்களைக் கேட்காமல், கலந்துகொள்ளாமல், நாய்வண்டியை வெறும் அலங்காரமாக நிறுத்தினால் நன்றாக இருக்காது. சுற்றுலா நிறுவனத்துக்குப் போன் போடுவதற்கு முன் பழங்குடிச் சமூகத்தில் நாய் வளர்க்கும் குடும்பம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் ஓட்டுநராக மட்டும் இல்லாமல் சுடர் ஏந்துபவராகவும் அவர்களில் ஒருவரை வையுங்கள். அவர்களுக்குத் தீயை வைத்து என்ன சடங்கு உண்டோ அதை அவர்களே முடிவு செய்யட்டும். வடக்கே இனுயிட் நிகழ்ச்சிகளில் மாக்கல்லில் செய்த, சீல் கொழுப்பு ஊற்றி எரிக்கும் குல்லிக் என்ற விளக்கைப் பெண்கள் ஏற்றித் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வேறு ஊரில் வேறு ஆட்கள் நகல் எடுப்பது மட்டும் கூடாது.

வானிலை. நாய்களுக்கு மைனஸ் 10 முதல் மைனஸ் 30 வரை கொண்டாட்டம். அவற்றுக்கு ஆபத்து வெப்பம்தான், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வெயிலும் சேர்ந்தால் இரண்டு கிலோமீட்டரிலேயே நாக்கு தொங்கிவிடும். மனிதர்களுக்காக ஒரு கீழ் எல்லை வையுங்கள், காற்றையும் சேர்த்து மைனஸ் 40 என்றால் ஏந்துபவர் ஸ்லெட்டில் வேண்டாம், விளக்கு மட்டும் வரட்டும். மைனஸ் 35க்குக் கீழே இன்னொரு வேடிக்கை: நாய்களின் மூச்சும் தீயிலிருந்து வரும் நீராவியும் அப்படியே உறைந்து பனிமூட்டமாக நிற்கும். படம் அற்புதமாக வரும், பின்னால் வரும் ஸ்னோமொபைல்காரருக்கு முன்னால் இருப்பது தெரியாது. இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பனி போதாமல் போவதும் நடக்கும். 2016இல் அன்கரேஜிலேயே பனி இல்லாமல் ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரயிலில் பனி கொண்டுவந்து கொட்டி, 11 மைல் ஓட்டத்தை மூன்று மைலாகச் சுருக்கினார்கள். உங்களிடம் ரயில் இருக்காது. ஏரி உறைந்திருந்தால் பாதையை ஏரிக்கு மாற்றலாம், பனிக்கட்டியின் கனத்தைத் துளைபோட்டு அளந்த பிறகு. அதுவும் முடியாவிட்டால் சக்கரம் வைத்த பயிற்சி வண்டி பெரும்பாலான பட்டிகளில் இருக்கும். அதில் ஓட்ட மஷர் சம்மதித்தால் சரி. எந்த மாற்றமானாலும் கடைசி வார்த்தை மஷருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், காலையில் நகராட்சியிலிருந்து யார் போன் செய்தாலும்.

காப்பீடு, தீயணைப்புத் துறை அனுமதி இரண்டுக்கும் இப்போதே எழுதுங்கள். விளக்கு என்று எழுதினால் அனுமதி சீக்கிரம் வரும், எரியும் பந்தம் என்று எழுதினால் கேள்விமேல் கேள்வி வரும். ஒத்திகை ஒன்று கட்டாயம், அதே நேரத்தில், அதே பாதையில், ஒலிபெருக்கியோடு. நாய்களைத் தொட்டுப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஊர்க் குழந்தைகள் ஆசைப்படுவார்கள், அதற்கு ஓட்டத்துக்கு முன்னால் நேரம் ஒதுக்காதீர்கள். ஓடி முடித்து, தண்ணீரும் மீன் துண்டும் சாப்பிட்டு அரை மணி கழித்து என்றால் அதே நாய்கள் அடங்கிப் படுத்திருக்கும், மஷரும் பேசும் மனநிலையில் இருப்பார்.